ஓர் ஆட்டம் போதாதோ?

“தம்பி, இருக்கிற ஆட்டத்தையே நாம் இன்னும் முற்றக் கற்றோமில்லை, அதற்குள் மற்றொன்று எற்றுக்கு?” என்று எங்கள் விடுதியின் மூத்த மாணவர் ஒருவர் சென்ற பருவத்தின் தொடக்கத்தில் என்னை வினவினார். நான் கொடுத்த புதிய விதிநூல் அவர் கையில் இருந்தது. அதனைத் திறந்தும் பாராமல் மேசைமேல் வைத்துவிட்டார். அவர் சோம்பலால் அங்ஙனம் கூறினார் அல்லர். இரண்டாண்டுகளாகச் சனிக்கிழமைதோறும் இராவுணவிற்குப் பின் எங்கள் ஐவர்க்கும் நடுவராக இருந்து, கதையையும் அதில் வரும் ஊர்களையும் பகைவர்களையும் தாமே ஆயத்தம் செய்து வந்தவர் அவர். புதிய ஆட்டம் ஒன்று வருமாயின் அதன் சுமையும் அவர் தலைமேல்தான் விழும். ஆதலின் அவர் வினாவுக்கு விளையாட்டாக விடை சொல்லிவிடுதல் முறையன்று. அன்று எனக்கு விடை தெரிந்திலது. இப்பொழுது ஒருவாறு தெரியும் என எண்ணி இதனை எழுதப் புகுகின்றேன்.

இவ்வகை விளையாட்டினை அறியாதார் நம் கல்லூரியிற் பலர் உளர்; அவர்பொருட்டு அதன் இயல்பைச் சிறிது கூறுவேன். நால்வர் ஐவர் ஒரு மேசையைச் சூழ்ந்து அமர்வர். அவருள் ஒருவர் நடுவர். ஏனையோர் ஒவ்வொருவரும் கதையில் வரும் மாந்தன் ஒருவனைத் தமதாக ஏற்று, அவன் வாயாற் பேசி, அவன் செய்வது இன்னதெனச் சொல்லுவர். அவர்கள் நடமாடும் உலகத்தையும் அங்கு எதிர்ப்படும் பிறரையும் நடுவர் எடுத்துரைப்பார். விளைவு ஐயமாகுமிடத்துப் பகடை உருட்டப்படும். காண்போர் இன்மையின் இது நாடகம் அன்று. வென்றார் தோற்றார் இன்மையின் சதுரங்கமும் அன்று. ‘ரோல் பிளேயிங்’ என்று ஆங்கிலத்தில் வழங்கும் இதனைப் பாத்திர விளையாட்டு என்றே ஈண்டு எழுதுகின்றேன்.

இதன் முன்னோர் போர்ப்பயிற்சி ஆட்டங்களாம். பிரஷ்ய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்னும் படையதிகாரி 1824-இல் வெளியிட்ட ‘கிரீக்ஸ்ஷ்பீல்’ அவற்றுட் பெயர் பெற்றது. அமெரிக்காவில் அத்தகைய ஆட்டங்களை ஆடிவந்த கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர், ஒரு படைக்குப் பதிலாக ஒரே மாந்தனை ஆடுவோன் கையிற் கொடுத்தால் என்ன விளையும் என்று ஆராய்ந்ததன் பயனாக 1974-இல் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் ஆட்டம் தோன்றிற்று. விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனிவா என்னும் சிற்றூரிலிருந்து, சிறு பெட்டியொன்றில் மூன்று மெல்லிய ஏடுகளாக, முதற்பதிப்பில் ஓராயிரம் படிகளே அது வெளிவந்தது. இன்று பாத்திர விளையாட்டு என்றாலே பலர்க்கு நினைவு வருவது அஃது ஒன்றே. எங்கள் மேசையிலும் அதுவே இருந்தது.

இனி, மூத்தவர் கூறிய தடையை அவர் சார்பிலேயே நின்று வலிமைப்படுத்திக் காட்டுவேன். அவ்வாட்டத்தின் ஐந்தாம் பதிப்பு 2014-இல் வந்தது. அதன் அடிப்படை நூல்கள் மூன்று. ஒவ்வொன்றும் 300 பக்கங்களுக்கு மேற்பட்டது. அவற்றை ஒருவன் ஓராண்டு முயன்று உள்ளத்திற் பதித்துக்கொண்டான் என வைத்துக்கொள்வோம். அந்த உழைப்பை ஒருபுறம் வைத்து, மீண்டும் அகரத்திலிருந்து தொடங்கு என்று சொல்வது எளிதோ? மாணவர்க்குள்ள ஓய்வோ சிறிது. ஒரு வாரத்தில் ஓர் இரவு. தேர்வு வந்துவிட்டால் அதுவும் இல்லை. மேலும், அச்சம் தரும் கதையாயினும், அரசவைக் கதையாயினும், கடற்கதையாயினும், கைவந்த விதிகளைக் கொண்டே நடுவர் திறத்தால் நடத்திவிடலாமே. கலம் ஒன்றாயினும் அதில் வார்ப்பது பலவாகலாம் அன்றோ? இவ்வாறு அவர் வாதிப்பார். இதில் இரண்டாவது வாதமே உயிரானது. அது மெய்யாயின் யான் எழுதுவதற்கு ஒன்றும் இல்லை.

அது மெய்யன்று என்பது என் துணிபு. யாப்புப் பயின்ற என் வகுப்புத் தோழர்க்கு இதனை விளக்குதல் எளிது. எந்தப் பாவிலும் எதனையும் சொல்லலாம் என்பான், ஒரு பாவும் எழுதிப் பாராதவனே ஆவான். வெண்பா எழுதுவோன், முச்சீராய் நின்று காசு பிறப்பு முதலிய வாய்பாடுகளுள் ஒன்றால் முடியும் ஈற்றடியை முன்னரே எண்ணிக்கொண்டு முதலடியைத் தொடங்குகின்றான். ஆகவே அவன் கருத்து முடிவை நோக்கிச் சுருங்கிச் செல்கின்றது. விருத்தம் எழுதுவோனோ நின்று வருணிக்க இடம் பெறுகின்றான். வடிவம் வெறுங்கலம் அன்று. எதனைச் சொல்லத் தோன்றும் என்பதையும் அதுவே தேர்கின்றது. ஆட்டத்தின் விதிகளும் அத்தகையனவே. எதனை விதி எண்ணிக் கணக்கிடுகின்றதோ அதனையே ஆடுவோர் மனம் நாடும். எதனை எண்ணாது விடுகின்றதோ அது மேசையிலிருந்து மெல்ல மறையும்.

இதற்கு வேற்றாட்டம் வரையிற்கூடச் செல்லவேண்டுவதில்லை. 1974-ஆம் ஆண்டின் விதிப்படி, நிலவறையிலிருந்து வெளியே கொணர்ந்த பொன்னின் அளவுக்கு ஆடுவோர் அநுபவப் புள்ளி பெற்றனர். புள்ளி மிக்கால் ஆற்றல் வளரும். ஆகவே அக்காலத்து ஆடினோர், அரக்கனோடு பொருவதினும் அவன் உறங்கும்போது பேழையைத் தூக்கி வருவதே அறிவுடைமை எனக் கண்டனர். 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் பொன்னுக்குப் புள்ளி இல்லை. எதிர்ப்பட்ட இடர்களை வென்றதற்கே புள்ளி. அவ்விடர்களுட் பெரும்பாலன போர்களே ஆதலின், ஆடுவோரும் போர் நாடினர். பெயர் ஒன்று, அரக்கன் ஒருவன், பேழை ஒன்று. ஒரு விதி மாறியதும் கள்வராயிருந்தோர் மறவராயினர்! எங்கள் மேசையில் ஈராண்டுகளாக வழியில் எதிர்ப்பட்டோரையெல்லாம் வாளால் எதிர்கொண்டு வந்தோம். அஃது எங்கள் இயல்பு என்றே நினைத்திருந்தேன். விதியின் இயல்பு என்று எனக்குத் தோன்றியதில்லை. தோன்றுதற்கு வேறொன்றை அறிந்திருக்க வேண்டுமே.

மூத்தவர் ஒருவாறு இசைந்து, மூன்று சனிக்கிழமைகளை எனக்கு அளித்தார். முதலில் எடுத்தது ‘கால் ஆஃப் கதூலு’. லவ்கிராஃப்ட் என்னும் அமெரிக்க ஆசிரியரின் அச்சக் கதைகளைத் தழுவி, சாண்டி பீட்டர்சன் ஆக்கியது, 1981-இல் வெளிவந்தது. உடல் வலிமைக்கு எண் இருப்பதுபோல இதில் மனத்தெளிவுக்கும் எண் உண்டு. காணத்தகாததைக் கண்டால் அது குறையும். அதனினும் கொடியது ஒன்று: மறைபொருள் பற்றிய அறிவு பெருகப் பெருக, மனத்தெளிவு எட்டக்கூடிய உச்சவரம்பு அவ்வளவுக்கவ்வளவு தாழும். அறியாமல் வெல்ல முடியாது, அறிந்தால் நிலைகுலைவோம். கல்லூரி மாணாக்கர்க்கு ஏற்ற ஆட்டம் என்று நான் நகைத்தேன்.

ஆயினும் அந்த இரவு பாழாயிற்று. உண்மையை மறைப்பானேன்? பழைய வழக்கப்படி கதவை உதைத்துக் கொண்டு உள்ளே பாய்ந்தோம். ஒரு நாழிகைக்குள் இருவர் இறந்தனர், ஒருவன் பித்தனானான். “இதற்குத்தானா?” என்பது போல மூத்தவர் என்னை நோக்கினார். பிழை நூலில் இல்லை. புதிய விதிகளைப் பழைய கண்ணால் ஆடினோம். ஒரே இரவு ஆடி, நன்றன்று எனத் தள்ளுவோர் பலர்க்கும் நேர்வது இதுவே என இப்போது கருதுகின்றேன். மறுவாரம் அதனையே மீண்டும் எடுத்தோம். இம்முறை ஊர் நூலகத்தில் பழைய செய்தித்தாள்களைப் புரட்டினோம். அண்டை வீட்டாரை வினவினோம். கதவருகே சென்று, திறக்கலாமா என்று கால்மணி நேரம் வாதிட்டோம். அந்தக் கதவைத் திறக்காமலே அன்றைய ஆட்டம் முடிந்தது. இரண்டாண்டுகளில் எங்கள் மேசையில் ஒரு கதவு அவ்வளவு மதிப்புப் பெற்றதில்லை.

மூன்றாம் வாரத்து ஆட்டத்தைப் பற்றிச் சற்று விரித்தே எழுத விரும்புகின்றேன். அது கிரெக் ஸ்டாஃபோர்டு இயற்றி 1985-இல் வெளியான ‘பெண்டிராகன்’. ஆர்தர் மன்னனின் வீரர்களைப் பற்றியது. இதில் ஒவ்வொரு வீரனுக்கும் பதின்மூன்று இணைக் குணங்கள் எழுதப்படும்: இரக்கம்–கொடுமை, வாய்மை–வஞ்சம், அடக்கம்–செருக்கு, ஈகை–தன்னலம் என இவ்வாறு. ஒவ்வோர் இணையின் கூட்டுத்தொகையும் 20. இரக்கம் 12 எனின் கொடுமை 8. வீரன் செய்யும் செயல்களால் ஒன்று ஏறும். ஏறினால் அதன் எதிர்க்குணம் இறங்கும். ஒரு குணம் 16 அல்லது அதற்கு மேலாகிவிட்டால், இக்கட்டான வேளையில் ஆடுவோன் விரும்பியதைச் செய்துவிட முடியாது. முதலிற் பகடையை உருட்டி, தன் வீரன் எவ்வழி இழுக்கப்படுகின்றான் என்று காணல்வேண்டும்.

இவ்விதியை முதலிற் கேட்டபோது எங்களுள் ஒருவன் சினந்தான். “என் பாத்திரம் செய்வதை நான் அன்றோ சொல்ல வேண்டும்? பகடை சொல்வதாயின் நான் எதற்கு?” என்றான். வலிய வினா அது. அதற்கு அப்போது ஒருவரும் விடை கூறவில்லை. மூன்றாம் சனிக்கிழமையில் முடியாமையால் இவ்வாட்டத்தை மேலும் நான்கு வாரம் நீட்டித்தோம். பிடிபட்ட பகைவனொருவன் கைகூப்பி நின்ற இடத்தில், அதே நண்பன் தன் வீரன் மன்னித்து விடுவான் என்றான். தாளை நோக்கினால், பழிவாங்கல் 16 ஆகியிருந்தது. ஒரே நாளில் ஆனதன்று. நான்கு வாரமாகச் சிறு சிறு செயல்களால், அவனே நகைத்துக்கொண்டு ஏற்றியது. பகடை உருண்டது. மன்னிப்பு இல்லை. அவன் நெடுநேரம் பேசாதிருந்து, “இதனைச் செய்தவன் நான்தான்” என்றான். ஒருவன் தான் இன்னானென்று சொல்லிக்கொள்வதும், செயல்களாற் கூடிவந்திருப்பதும் வேறு என்பதைக் காட்ட எங்கள் பழைய ஆட்டத்தில் விதியில்லை. அதில் நற்குணம் தீக்குணம் என்பது தாளின் தலைப்பில் ஒருமுறை எழுதிவிடும் ஒரு சொல்.

வின்சென்ட் பேக்கர் 2004-இல் வெளியிட்ட ‘டாக்ஸ் இன் தி வைன்யார்டு’ என்னும் ஆட்டத்தையும் ஈண்டுக் குறித்தல் வேண்டும். அமெரிக்க மேற்குப்புலம் போன்ற ஒரு நாட்டில், கற்பனைச் சபையொன்றன் இளைஞர் ஊர் ஊராகச் சென்று, அங்குள்ளோர் குற்றங்களை ஆராய்ந்து தீர்ப்பளிப்பர். சொல்லால் வாதிடும்போது பகடைகள் குறைந்து தோற்கும் நிலை வந்தால், விட்டுக்கொடுக்கலாம், அன்றிக் கைகலக்கலாம், துப்பாக்கியை எடுக்கலாம். ஒவ்வொரு படி ஏறும்போதும் புதிய பகடைகள் கைக்கு வரும். ஆனால் அடிபட்டோன் பின்னர் உருட்டுவது, சொல்லடிக்கு நான்முகப் பகடை; குண்டடிக்குப் பத்துமுகப் பகடை. ஓர் ஊரில், கூலி கொடாத மூப்பர் ஒருவரோடு நான் வாதிட்டேன். நியாயம் முழுதும் என் பக்கமே இருந்தது. தோற்கும் தருவாயில் என் கை தானாகத் துப்பாக்கிப் பகடைகளை நாடியது. நியாயம் என் பக்கம் இருந்தமையாலேயே நாடியது என்பதைப் பின்னர் உணர்ந்தேன். ஞாயிறுதோறும் பிரசங்கம் கேட்டு வளர்ந்தவன் யான். அந்த இரவில் நான் வெட்கியதுபோல் வேறெப்போதும் வெட்கியதில்லை. (1980-களில் அமெரிக்கக் கிறிஸ்தவர் சிலர் இவ்வகை ஆட்டங்களைப் பேய்த்தொழில் என்று அஞ்சினர். ஜாக் சிக் என்பவர் 1984-இல் அதுபற்றிச் சித்திரத் துண்டுநூல் ஒன்றும் வெளியிட்டார். என் தாயாரும் இதனை எங்கோ கேள்வியுற்று என்னை வினவினார்கள். மூப்பர் கதையைச் சொன்னேன், அமைதியானார்கள்.)

எல்லா முயற்சியும் பயன்தரும் எனச் சொல்ல நான் துணியேன். இடையில் ஒரு மாதம் நான்கு ஆட்டங்களைத் தொட்டு நான்கையும் பாதியில் விட்டோம். அதில் கற்றது ஒன்றுமில்லை. விதிநூல்களை வாங்கி அடுக்கிப் படித்து, ஆடாமலே அபிப்பிராயம் சொல்வோரும் உளர். அவர்கள் சமையல் நூலைப் படித்து ஏப்பம் விடுவோர். 2000-ஆம் ஆண்டில் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விதிகளைப் பிறரும் பயன்படுத்த உரிமம் அளிக்கப்பட்டபின், அவ்விதிகளுக்கே வேறு வேறு சட்டை அணிவித்த ஆட்டங்கள் மிகப்பல வெளிவந்தன. அவற்றுட் பத்தினை ஆடினும் பார்வை மாறாது. 2023 சனவரியில் அவ்வுரிமத்தை நிறுவனத்தார் மாற்ற முனைந்தபோது ஆடுவோர் பலர் சினந்தெழுந்து வேற்றாட்டங்களை நாடினர். அம்மாதம் 27-ஆம் நாள் நிறுவனத்தார் பின்வாங்கி, அடிப்படை விதிகளைக் கிரியேட்டிவ் காமன்ஸ் என்னும் பொதுவுரிமையிற் கொடுத்தனர். அச்சினம் நியாயமானதே. எனினும் ஒன்றை வெறுத்து மற்றொன்றை நாடுபவன் அதிற் காண்பதும் முன்னதன் குறைகளையே.

சுமை என்ற தடைக்கு விடை இன்னும் கூறினேனில்லை. முதலிற் கற்றது பெருநூலாயிருந்தமையால் எல்லா ஆட்டமும் அவ்வளவு பெரிது என அஞ்சுகின்றோம். பாத்திர விளையாட்டுகளுள் விதிச்சுமை மிக்கவற்றுள் ஒன்றையே நாம் முதலில் எடுத்தோம். இஃது எங்களுக்குத் தெரியாது. ஜான் ஹார்ப்பர் 2013-இல் வெளியிட்ட ‘லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ்’ என்பதன் விதிகள் முழுதும் ஒரே பக்கம். விடுதி மணி அடிப்பதற்குள் கற்று ஆடி முடித்துவிடலாம். அதே ஆண்டில் ஏவரி ஆல்டர் வெளியிட்ட ‘தி குவையட் இயர்’ என்னும் ஆட்டத்திலோ நடுவரே இல்லை. ஒரு சீட்டுக்கட்டு, 52 சீட்டும் ஓராண்டின் 52 வாரம். ஒவ்வொருவராகச் சீட்டெடுத்து, ஓர் ஊரின் படத்தைப் பொதுத்தாளில் வரைந்துகொண்டே செல்லவேண்டும். ஒருவர் முறையில் மற்றவர் குறுக்கிட்டுப் பேசலாகாது. உடன்பாடில்லையேல், மனத்தாங்கலுக்கு அடையாளமாக ஒரு காயை எடுத்துத் தம்முன் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவே.

எங்கள் ஐவருள் ஒருவன் அதிகம் பேசான். ஈராண்டும் அவனுடைய மாந்தன் எங்கள் பின்னே விளக்கேந்தி நடந்தான். அவனுக்கு இவ்வளவே விருப்பம் போலும் என்று இருந்துவிட்டோம். பிறர் குறுக்கிடலாகாது என்ற அந்த விதி வந்த இரவில், அவன் முறை வந்தபோது, படத்தின் ஓரத்தில் ஒரு கிணறு வரைந்தான். அதன் நீரை ஊரார் எல்லோரும் குடிக்க இயலாதென்றான். ஏன் என்று மூன்று முறைச் சீட்டுகளில் சிறிது சிறிதாகச் சொன்னான். முடிவில் எங்கள் ஊரின் கதை முழுதும் அந்தக் கிணற்றைச் சுற்றியே நின்றது. அவனுக்கு முன்னே நான் வைத்த மனத்தாங்கற் காய்கள் இரண்டு. அவற்றை இன்று நினைந்தால் எனக்கு நாணமாக இருக்கின்றது. அவனுக்குப் பேச விருப்பமில்லாமல் இல்லை. வேகமாகப் பேசுவோனுக்கே இடங்கொடுக்கும் ஆட்டம் ஒன்றை நாங்கள் ஈராண்டு ஆடினோம்.

இன்னொன்றும் அப்பொழுது விளைந்தது. அதனை நான் எதிர்பார்த்திலேன். முந்நூறு பக்க நூல்கள் மூன்றையும் கற்றவர் ஒருவரே இருந்தவரையில் நடுவர் நாற்காலி அவர்க்கே உரியதாயிருந்தது. சிற்றாட்டங்கள் வந்தபின் அது கைமாறத் தொடங்கிற்று. ஒருபக்க விதியை வைத்துக்கொண்டு நான் ஓரிரவு நடத்தினேன், தடுமாறினேன், ஆயினும் நடத்தினேன். பழிவாங்கல் 16 பெற்ற நண்பன் மற்றோரிரவு நடத்தினான். மூத்தவர் அன்றுதான் ஈராண்டில் முதன்முறையாக ஆடுவோருள் ஒருவராய் அமர்ந்து, கோமாளி ஒருவனை ஏற்று, விடுதிக் காவலர் வந்து எச்சரிக்கும் அளவு நகைத்தார். அவர் சுமையைக் கூட்டுவேன் என அஞ்சியே அவர் என் நூலைத் திறவாது வைத்தார். குறைந்தது எப்படி என்று அவரே என்னைக் கேட்டார்.

அவர் தம் கொள்கையை முற்றும் விட்டாரில்லை. பெரும்பாலோர்க்கு ஓர் ஆட்டமே போதும், நன்கு தேர்ந்த இரண்டு மூன்றுக்கு மேற்பட்டால் வீண் என்கின்றார். இரண்டு மூன்று என்று அவர் எண்ணத் தொடங்கியதே எனக்குப் போதும். எங்கள் பழைய ஆட்டத்திற்கும் திரும்பிவிட்டோம். இப்போது அதில் எதிர்ப்பட்டோரை வெட்டுமுன் பெயராவது கேட்கின்றோம்.

ஏப்ரலில் மூத்தவர் பட்டம் பெற்று விடைகொள்கின்றார். மேசை கலையாதிருக்க, இனி எஞ்சிய நால்வரும் முறை வைத்து நடுவராயிருப்பதென முடிவு செய்துள்ளோம். திருவுளச்சீட்டில் முதல் முறை, கிணறு வரைந்த நண்பனுக்கு விழுந்தது. எந்த ஆட்டம் என்று கேட்டோம். ஆயத்தம் செய்துகொண்டிருப்பதாக மட்டும் சொன்னான்.